உப்புப் போடாத மூக்கிரட்டை

மழை பெய்துவிட்டால் எங்கள் வீட்டு வாசலிலிருந்து காம்பவுண்டு சுவர் வரைக்கும் மூக்கிரட்டைதான். நட்டவர் யாரும் இல்லை, தண்ணீர் விட்டவரும் இல்லை. சிவந்த தண்டு தரையோடு தரையாக நாலா பக்கமும் ஓடும். இலை வட்டமாக, ஓரம் லேசாக நெளிந்து, அடிப்பக்கம் வெளுத்திருக்கும். கணுவுக்கு இரண்டு இலை, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. குண்டூசித் தலை அளவில் ரோஸ் நிறப் பூ. காய் பிசுபிசுவென்று சேலைக் கரையில் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் கூடவே வரும். மூக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாளையங்கோட்டையில் எந்தக் காலி மனையிலும் அதைப் பார்க்கலாம். மார்க்கெட்டில் கலவைக்கீரை விற்கிறவர்கள் மற்ற கீரைகளோடு இதையும் ஒரு பிடி சேர்த்துக் கட்டுவார்கள். மற்றபடி அதை யாரும் மதித்ததில்லை. நானும்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து சேலையை மாற்றியதும், குத்தவைத்து உட்கார்ந்து பிடுங்கிப் போடுவேன். அடுத்த மழைக்கு மறுபடி படர்ந்து கிடக்கும்.

இந்தச் சனியனைப் பற்றி நான் எழுத உட்காருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களைத் திட்டியிருப்பேன்.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அக்கா பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. நான் கட்டினேன். அவர் போய்ச் சேர்ந்தபின், பிள்ளையும் இல்லாததால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் வந்துவிட்டேன். ஒரு கல்லூரி ஆபீஸில் எனக்கு வேலை. பிறக்கும்போதே பங்கு பிரித்த மாதிரி கோபமெல்லாம் எனக்கு வந்துவிட்டது, சிரிப்பெல்லாம் அவளுக்குப் போய்விட்டது. தெருவில் யாரிடமாவது நான் சண்டை போட்டுவிட்டு உள்ளே வந்தால், அவள் பின்னாலேயே போய் அவர்களிடம் பேசிச் சிரித்துவிட்டு வருவாள்.

அவளுக்கு முதலில் கால்தான் வீங்கியது. அதிகம் நடந்துவிட்டேன் என்றாள். அப்புறம் முகம் வீங்கியது. தூக்கம் சரியில்லை என்றாள். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல் வந்த பிறகுதான் வண்ணார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சும்மா. ரத்தத்துல உப்பு ஏகமா கூடிருக்கு. டயாலிசிஸ் பண்ணித்தான் உப்ப எறக்கணும். சாப்பாட்டுலயும் உப்பக் கொறைச்சிரணும்."

இந்த நாலு வாக்கியத்தை நான் பிறகு எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதில் பொய் கிடையாது. தமிழ்நாட்டில் எந்த டாக்டரும் கிட்னி வியாதிக்காரர்களிடம் இப்படித்தான் சொல்கிறார். நாங்களும் தலையை ஆட்டினோம். வெளியே வரும்போது நான் ஒன்றைப் புரிந்துகொண்டு வந்தேன், அக்கா வேறொன்றைப் புரிந்துகொண்டு வந்திருக்கிறாள். அது எங்கள் இருவருக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

என் கிட்னியைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். எனக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. ஆகாது என்றுவிட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு ஆஸ்பத்திரி நாள் ஆயின. காலையில் ஆட்டோ வரும். அக்கா பைபிளையும் போர்வையையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏறுவாள். அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, கையில் ஊசி ஏற்றி, மிஷின் ஓட ஆரம்பித்ததும் நான் ஆபீசுக்குப் போவேன். மத்தியானம் அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பக் கூட்டிவருவேன். வரும்போது துணி பிழிந்த மாதிரி இருப்பாள். அப்போதும் ஆட்டோக்காரரிடம் அவர் மகளுடைய படிப்பை விசாரிப்பாள்.

வீட்டில் உப்பை நிறுத்தினோம். கொஞ்சம் போடலாம் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அக்கா ஒரு கல் கூட வேண்டாம் என்றுவிட்டாள். உப்பில்லாத சோறு, உப்பில்லாத குழம்பு. சொதியில் உப்பில்லாவிட்டால் அது வெறும் தேங்காய்த் தண்ணீர்தான். நானும் சில நாள் அவளோடு சேர்ந்து தின்றேன். பிறகு என்னால் முடியவில்லை. என் தட்டில் மட்டும் தூள் உப்பைத் தூவிக்கொண்டேன்.

"போட்டுத் தின்னுட்டி. ஒனக்கென்ன, ரத்தத்துலயா உப்பு ஏறிக் கெடக்கு?" என்பாள். சிரிப்பாள்.

அவளுக்குத் தின்னக் கூடாதவை நிறைய. வாழைப்பழம் கூடாது. இளநீர் கூடாது. காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். கீரையை எடுத்துவிட்டதுதான் அவளுக்குப் பெரிய அடி. அக்கா கீரைப் பைத்தியம். முருங்கைக்கீரை போடாத கூட்டாஞ்சோறு கூட்டாஞ்சோறே இல்லை என்று பந்தியில் சண்டை பிடிக்கிறவள். தண்ணீரும் ஒரு சின்னத் தம்ளர் கணக்குதான். நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொள்வாள்.

"எல்லாம் முடிஞ்ச பெறவு பாவநாசத்துக்குப் போயி அருவியில நிக்கணும்ட்டி. அண்ணாந்து வாயத் தொறந்துக்கிட்டே நிக்கணும்" என்று அடிக்கடி சொல்வாள்.

நான் சரி என்பேன். ஆசைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நோயாளிகள் இப்படிப் பேசுவார்கள், கேட்கிறவர்கள் சரி என்பார்கள். வேறென்ன சொல்வது?

பக்கத்துக் கட்டிலில் மேலப்பாளையத்துப் பாய் ஒருவர் எங்கள் நாட்களில்தான் வருவார். அவர் மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறவர். கூடவே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அக்காவும் அந்த அம்மாவும் சீக்கிரமே ஒட்டிக்கொண்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பாயின் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். நர்ஸிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மவுத்தாகிவிட்டார் என்றாள்.  அக்கா வீட்டுக்கு வந்து, சேலை கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அவ்வோ வீட்டுல உப்ப நிப்பாட்டவே இல்லட்டி. உப்பில்லாம பாய்க்குத் தொண்டையில எறங்காதுன்னு அந்தம்மாதான் சொன்னா. உப்பு பூரா எறங்குததுக்குள்ள ஆளு போயிட்டாரு."

பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் மூக்கிரட்டை வந்தது. சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. நெற்றி வியர்க்க ஒரு மனிதர் வயல் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, கையில் ஒரு கொடியைத் தூக்கிக் காட்டி, கிட்னிக்கு இதைவிட மருந்து உலகத்தில் கிடையாது, டயாலிசிஸை விட்டவர்கள் ஏராளம், வடமொழியில் இதன் பெயருக்கே மறுபடி புதிதாவது என்றுதான் அர்த்தம் என்கிறார். புதிதாகும்தான். நான் வாரா வாரம் பிடுங்கி எறிகிறேன், மறுபடி புதிதாக முளைத்து வருகிறது. புதிதாவது அது. தின்கிறவர்கள் புதிதாவதாக அந்தச் செடி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அக்கா போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"ஏட்டி, இது நம்ம வாசல்ல கெடக்கதுதான?"

"கெடந்தா? அவன் சொன்னான்னு புல்லப் புடுங்கித் திங்கப் போறியா?"

"புல்லா? கீரைட்டி. மார்க்கெட்டுல கட்டி விக்கத்தானே செய்யுதாவ?"

நான் கத்தினேன். எனக்கு அது வரும். அவள் எப்போதும்போல விட்டுக்கொடுத்தாள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள். சரி, அவர் வாயாலேயே கேட்டுக்கொள் என்று அடுத்த வெள்ளிக்கிழமை நானே கேட்டேன். அவர் அன்றைக்கு அவசரத்தில் இருந்தார். நடந்துகொண்டே திரும்பி அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"எந்தக் கீரையும் வேண்டாம்மா. கீரையில உப்பு இருக்கும்லா."

அக்கா ரொம்பப் பணிவாகத் தலையாட்டினாள். நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

அந்த வருஷம் கார்த்திகை வரைக்கும் நல்ல மழை. ஆற்றில் வெள்ளம் ஏறிப் படித்துறையெல்லாம் முங்கிக் கிடந்தது. மழை விட்டதும் வழக்கம்போல வாசல் முழுக்க மூக்கிரட்டை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் பிடுங்க உட்கார்ந்தால் பிடுங்க ஒன்றும் இருக்காது. தண்டு மொட்டையாகக் கிடக்கும். ஆடு புகுந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்துத் தெருவில் ஆடு வளர்க்கிற அண்ணாச்சியைப் பார்த்து, உங்கள் ஆடு நம் வீட்டுக் களையெல்லாம் தின்றுவிட்டது, புண்ணியமாகப் போகட்டும் என்றேன். வாழ்நாளில் நான் ஒருவருக்கு நன்றி சொன்னதே அபூர்வம். அதையும் ஆட்டுக்குச் சொன்னேன். அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

அந்த நாட்களில் அக்கா தெளிவாக இருந்தாள். அப்படித்தான் எனக்கு நினைவு. தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, என் ஜாக்கெட் ஒன்றின் கை தளர்ந்திருந்ததைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு நன்றாகப் படித்த பிள்ளைதான் ரிசல்ட் நாளை அப்படிக் கேட்கும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் காப்பி கொண்டுபோனேன். அக்கா விழித்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"காலு ரெண்டும் எங்கிட்ட இல்லட்டி" என்றாள். "உதடெல்லாம் மரத்துப்போச்சு. நெஞ்சு ஒரு மாதிரி துள்ளுது."

ஆட்டோக்காரரும் நானும் அவளை நாற்காலியோடு தூக்கி ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்த நிமிஷத்திலேயே எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். ஒருத்தி ஊசி போட்டாள், ஒருவர் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். பொட்டாசியம் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதயம் நின்றுபோயிருக்கும் என்றார் டாக்டர். என்னைப் பார்த்துத்தான் முதலில் சத்தம் போட்டார்.

"என்ன குடுத்தீங்க? இளநியா? பழமா?"

நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அக்காவிடம் குனிந்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. என்ன சாப்பிட்டீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பயந்து என்னைப் பார்த்து நான் கண்டதில்லை.

"மூக்கிரட்டைக் கீரை டாக்டர். இவ வீட்டுல இல்லாத நாளெல்லாம் மத்தியானம் ஒரு கிண்ணம்" என்றாள். உடனே, எங்கே அவர் திட்டிவிடுவாரோ என்று, அவசரமாகச் சேர்த்துச் சொன்னாள். "உப்புப் போடாமத்தான் டாக்டர். ஒரு கல்லு கூட போடல. அத வேகவச்ச தண்ணியக்கூட கொட்டல, சத்துப் போயிரக் கூடாதுன்னு கடைஞ்சுதான் தின்னேன். உப்பு போடவே இல்ல."

 டாக்டர் கோபமாகத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நாங்க சொன்ன உப்பு அது இல்ல. சமையல்ல போடுத உப்பு வேற. கீரைக்குள்ளயே இருக்கது வேற உப்பு. ஒங்க ரத்தத்துல கூடிருக்குன்னு சொன்னோமே, அது இன்னொண்ணு."

"எல்லாம் உப்புன்னுதானே சொன்னிய?" என்றாள் அக்கா.

  உண்மைதானே. சிறுநீரில் போக வேண்டிய கழிவும் உப்பு, பழத்தில் இருக்கிற பொட்டாசியமும் உப்பு, கடையில் பாக்கெட்டில் விற்கிறதும் உப்பு. ஆஸ்பத்திரியில், சபையில், பஸ்ஸில் எங்கே கிட்னிப் பேச்சு எடுத்தாலும் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நாம் எல்லோரும் பேசி, புரிந்துவிட்டது என்று தலையாட்டுகிறோம். வராந்தாவில் நின்றுகொண்டு எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. டாக்டரைத் திட்டலாமென்றால் அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். வீடியோ ஆளைத் திட்டலாமென்றால் அவன் எந்த வரப்பில் இருக்கிறானோ. கடைசியில் அந்தச் சொல்மேல்தான் கோபப்பட்டேன். ஒரு சொல்மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். இதயம் கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது, இனி ஏற்ற இறக்கம் தாங்காது என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள். அக்கா சிரிப்பதை விட்டிருந்தாள்.  எனக்குத்தான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மூக்கிரட்டையின் வேர் லேசில் வராது. மேலே விரல் தடிமனில் ஆரம்பித்து முள்ளங்கி மாதிரி ஆழமாகப் போகும். பாதியில் ஒடிந்துபோகும். ஒடிந்த மிச்சம் உள்ளே இருந்தால் மறுபடி துளிர்த்துவிடும். வெறி பிடித்தவள் மாதிரி தோண்டினேன். சேலையெல்லாம் மண். எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியைப் பைய இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

"அத ஏன்ட்டி குத்துத? அது என்ன செஞ்சுது ஒன்ன?"

நான் நிறுத்தவில்லை.

"ஒரு சங்கதி கேக்கணும். கோவப்படாமச் சொல்லு" என்றாள். "நான் உப்ப நிப்பாட்டி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ரத்தத்துல உள்ளது கொஞ்சங் கொஞ்சமா எறங்கிட்டு வருதுன்னு இருந்தேன். மிஷின் பாதி எறக்கும், நான் வாயக் கட்டுனா மீதி எறங்கும்னு நெனச்சேன். பூராவும் எறங்கிட்டா பெறவு ஆசுபத்திரிக்குப் போகாண்டாம்லா. அதுக்குத்தான் அந்தக் கீரையும் தின்னேன். சீக்கிரம் முடியட்டும்னு. இப்ப டாக்டரு அது வேற உப்பு, இது வேற உப்புங்காரு. அப்போ, நான் நிப்பாட்டுனதுக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்லையா?"

கடப்பாரை என் கையில் இருந்தது. அப்போதுதான் எனக்கு அருவிப் பேச்சு புரிந்தது. அவள் ஆசைக்குச் சொல்லவில்லை. தேதி மட்டும் தெரியாத ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"எப்பத்தான்ட்டி முடியும்?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு நன்றாகப் பொய் சொல்ல வராது. அழுகை வந்தாலும் கோபம் வந்த மாதிரிதான் என் குரல் இருக்கும்.

"முடியாதுக்கா" என்றேன். "இது கொணமாக்குத வைத்தியம் இல்ல. கிட்னி செய்யுத வேலைய மிஷின் செய்யுது. அவ்வளவுதான். நிப்பாட்டுனா ஆளு இருக்க முடியாது. இருக்க வரைக்கும் போகணும்."

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். அவரு ரெண்டு பேருகிட்டயுந்தானே சொன்னாரு. ஒனக்கும் தெரியும்னுதான் இருந்தேன்."

அக்கா நான் தோண்டிப் போட்ட குழிகளைப் பார்த்தாள். தெருவில் தண்ணீர் வண்டி போயிற்று. பிறகு, கணக்குப் போட்டுப் பார்த்து விடை சரியாக வந்துவிட்டவள் மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்.

"தெரிஞ்சிருந்தா நான் மொதல்லயே ஆசுபத்திரிக்குப் போயிருக்க மாட்டேன்."

 ஊரில் எல்லோரையும் திட்டுகிற எனக்கு, அவளைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. மண் கையோடு போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன். அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. என் தலையில் ஒட்டியிருந்த மூக்கிரட்டைக் காய்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. நான் கூப்பிடப் போகவில்லை. கூப்பிடத் தைரியம் இல்லை. அடுப்படியிலேயே நின்றேன். ஆட்டோக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். அக்கா குளித்து, தலை சீவி, துணிப்பையோடு உள்ளே இருந்து வந்தாள். என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடி மாட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் அங்கன சோலி இல்ல. நான் இல்லன்னா நீ தனியா இருப்பியேன்னுதான் வாரேன்" என்றாள். "முடியலங்கும்போது சொல்லுவேன். அன்னைக்கு ஆட்டோவக் கூப்பிடக் கூடாது, கேட்டியா?"

சரி என்று சொன்னேன். அவள் ஆட்டோவில் ஏறி, எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.